நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணின் முன்னறி ஏற்புடைமை: தமிழக மருத்துவச் சேர்க்கை விவாதத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரிச் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு, தேர்வு எழுதுவோரின் எதிர்காலக் கல்வி வெற்றியை முன்கூட்டியே காட்டும் என்ற நம்பிக்கையின்மீது நிற்கிறது. இந்நம்பிக்கை எந்த அளவுக்குச் சோதிக்கத்தக்கது, சோதிக்கும்போது எழும் பிழைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டு இடைவெளியில் கிடைத்த இரு முரண்பட்ட முடிவுகளும், தமிழகத்தில் 1984 முதல் இன்றுவரை மாறிவந்துள்ள சேர்க்கை முறைகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நீட் தேர்வை ஆதரிப்போர், எதிர்ப்போர் ஆகிய இரு தரப்பாரும் முன்வைக்கும் தர ஒப்பீடுகள் வீச்சுக் குறுக்கம் என்னும் புள்ளியியல் சிக்கலைக் கணக்கில் கொள்ளாதவரை முடிவாகா என்பதும், 2020ஆம் ஆண்டின் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு இச்சிக்கலைக் கடக்க உதவும் என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள்.

திறவுச்சொற்கள்: நுழைவுத்தேர்வு, முன்னறி ஏற்புடைமை, ஒட்டுறவுக் கெழு, வீச்சுக் குறுக்கம், நீட், மேல்நிலை மதிப்பெண், 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு

முன்னுரை

ஒருவரை ஆராய்ந்து தேர்வதும், தேர்ந்தவரைச் செயலில் அமர்த்தி அறிவதும் வெவ்வேறு பணிகள். திருக்குறள் இவற்றைத் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என அடுத்தடுத்த இரு அதிகாரங்களாகப் பிரித்து வைத்துள்ளது. நுழைவுத்தேர்வு முதற்பணியைச் சேர்ந்தது. கல்லூரித் தேர்ச்சி இரண்டாவதைச் சேர்ந்தது. முதலாவது இரண்டாவதை எந்த அளவுக்கு முன்னறிவிக்கிறது என்பதையே கல்வி அளவீட்டியலார் முன்னறி ஏற்புடைமை என்பர்.

தமிழகத்தில் நுழைவுத்தேர்வு குறித்த விவாதம் நாற்பதாண்டுப் பழமையுடையது. அவ்விவாதம் பெரும்பாலும் சமூகநீதி, மாநில உரிமை, பாடத்திட்ட வேறுபாடு ஆகிய தளங்களில் நிகழ்ந்துள்ளது. இவை மூன்றும் இன்றியமையாதவை. எனினும், ‘அதிக மதிப்பெண் பெற்றவர் சிறந்த மருத்துவ மாணவர் ஆவார்’ என்ற அடிப்படைக் கூற்று ஒரு மதிப்பீடாகவன்றி மெய்யா பொய்யா எனச் சோதிக்கத்தக்க ஓர் உண்மைக் கூற்றாக உள்ளது. அதனைச் சோதிக்கும் முறையில் நேரும் பிழைகள், சேர்க்கை மறுக்கப்படும் மாணவரின் வாழ்வைத் தீர்மானிப்பதால், அவை புள்ளியியலாரின் அக்கறையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

தமிழகச் சேர்க்கை முறைகளின் போக்கு

தமிழகத்தில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத்தேர்வு 1984இல் அறிமுகமாயிற்று. மேல்நிலைத் தேர்வின் உரிய பாடங்கள் 200 மதிப்பெண்ணுக்கும் நுழைவுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கும் கணக்கிடப்பட்டு, 300க்கான கூட்டுத்தொகையின் அடிப்படையில் தரவரிசை அமைந்தது. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் மருத்துவச் சேர்க்கை, உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணாகக் கணக்கிடப்பட்ட மேல்நிலை மதிப்பெண்ணால் மட்டும் நடைபெற்றது. 2017 முதல் நீட் மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படையாயிற்று. மேல்நிலை மதிப்பெண் தகுதி வரம்பாக மட்டும் சுருங்கியது.

ஆக, ஒரே மாநிலத்தில் கூட்டு மதிப்பெண், பள்ளி மதிப்பெண், நுழைவுத்தேர்வு மதிப்பெண் என மூன்று அளவைகள் அடுத்தடுத்து ஆட்சி செய்துள்ளன. முன்னறி ஏற்புடைமையை ஆராய்வார்க்கு இது வளமான களம். அதே வேளையில் வழுக்குநிலமும் ஆகும்.

கலிபோர்னியச் சான்று: ஒரு பல்கலைக்கழகம், இரு முடிவுகள்

முன்னறி ஏற்புடைமை பற்றி மிக விரிவான தரவுகளைக் கொண்ட நிறுவனங்களுள் ஒன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகம். அங்கு 1996 முதல் 1999 வரை சேர்ந்த ஏறத்தாழ 78,000 மாணவரின் முதலாண்டு மதிப்பெண்களைச் சால் கைசர், ராஜர் ஸ்டட்லி ஆகியோர் ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலாண்டுத் தரப்புள்ளியில் காணப்படும் மாறுபாட்டில் பள்ளி மதிப்பெண் தனித்து 15.4 விழுக்காட்டையும், பொதுத்திறன் தேர்வான சாட்-1 தனித்து 13.3 விழுக்காட்டையும், பாடவாரித் தேர்வான சாட்-2 தனித்து 16.0 விழுக்காட்டையும் விளக்கின. பள்ளி மதிப்பெண்ணும் பாடவாரித் தேர்வும் சேர்ந்தபோது 22.2 விழுக்காடு விளக்கப்பட்டது. அவற்றோடு பொதுத்திறன் தேர்வையும் சேர்த்தபோது அது 22.3 ஆக மட்டுமே உயர்ந்தது.

இம்முடிவிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு தேர்வு தனித்து எவ்வளவு முன்னறிவிக்கிறது என்பதைவிட, கையில் ஏற்கெனவே உள்ள சான்றோடு அது புதிதாக எவ்வளவு சேர்க்கிறது என்பதே சேர்க்கை முறையை வடிவமைப்போர் கேட்க வேண்டிய வினா. தனித்து 13.3 விழுக்காட்டை விளக்கிய தேர்வு, பிற இரண்டும் இருக்கும்போது 0.1 விழுக்காட்டையே கூட்டியது. இரண்டாவது, பெற்றோரின் கல்வியும் குடும்ப வருவாயும் கணக்கில் சேர்க்கப்பட்டபோது பொதுத்திறன் தேர்வின் முன்னறிதிறன் பெரிதும் தேய்ந்தது. பள்ளி மதிப்பெண்ணும் பாடவாரித் தேர்வும் அவ்வாறு தேயவில்லை. தேர்வு முன்னறிவித்ததில் ஒரு பகுதி மாணவரின் திறன் அன்று, வீட்டின் வசதி என்பதே இதன் பொருள்.

ஆனால் இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியப் பேரவை அமைத்த பணிக்குழு 2020இல் அளித்த அறிக்கை, முதலாண்டுத் தரப்புள்ளியை முன்னறிவதில் தேர்வு மதிப்பெண் பள்ளி மதிப்பெண்ணை விஞ்சி நிற்பதாகக் கண்டது. இருப்பினும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அவ்வாண்டு மே மாதத்தில் சாட் தேர்வைப் படிப்படியாகக் கைவிட முடிவு செய்தது. மறுபுறம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பெருந்தொற்றுக் காலத்தில் விலக்கியிருந்த தேர்வை 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது.

இருபது ஆண்டுகளில் முடிவு தலைகீழானது ஏன்? பள்ளிகள் தாராளமாக மதிப்பெண் வழங்கத் தொடங்கினால், உச்சத்தில் அனைவரும் நெருங்கி நிற்பர். வேறுபாடு காட்டாத அளவை எதையும் முன்னறிவிக்காது. தேர்வின் அமைப்பும் இடையில் மாறியிருந்தது. எனவே முன்னறிதிறன் என்பது தேர்வோடு ஒட்டிப் பிறந்த இயல்பு அன்று. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட நிறுவனத்தில், குறிப்பிட்ட மாணவர் திரளில் ஓர் அளவை கொள்ளும் உறவு மட்டுமே. ஒரு நாட்டின் ஆய்வு முடிவை எடுத்து மற்றொரு நாட்டின் தேர்வுக்குச் சான்றாக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வீச்சுக் குறுக்கம் என்னும் சிக்கல்

தமிழக விவாதத்தில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு: ‘மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களுள் நீட் மதிப்பெண் கூடியவரும் குறைந்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேர்ச்சி பெறுகின்றனர், எனவே நீட் எதையும் அளக்கவில்லை.’ கேட்ட அளவில் இவ்வாதம் வலுவுடையதாகத் தோன்றினும் அதில் பிழை உள்ளது.

2023இல் நீட் தேர்வை 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நாட்டின் இளநிலை மருத்துவ இடங்கள் ஏறத்தாழ 1 இலட்சம். இருபதின்மருள் ஒருவருக்கே இடம். தேர்வு எழுதிய அனைவருக்கும் கல்லூரியில் இடமளித்து ஆராய முடிந்திருந்தால், தேர்வுக்கும் கல்லூரி மதிப்பெண்ணுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.60 எனக் கிடைத்ததாகக் கொள்வோம். இரு மதிப்பெண்களும் இயல்நிலைப் பரவலில் அமைந்தவை எனக் கருதி, மேல்மட்ட 5 விழுக்காட்டினரை மட்டும் சேர்த்தால், சேர்ந்தவர்களிடையே அதே கெழு ஏறத்தாழ 0.27 ஆகச் சுருங்கிவிடும். விளக்கப்படும் மாறுபாடு 36 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக வீழும். தேர்வில் மாற்றம் ஏதுமில்லை. ஆராயப்படும் கூட்டத்தின் மதிப்பெண் வீச்சு மட்டுமே குறுகியுள்ளது. உயரமானவர்களை மட்டும் கூடைப்பந்து அணியில் சேர்த்துவிட்டு, அணிக்குள் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்று கூறுவதை ஒத்தது இது.

இப்பிழை எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2007க்கும் 2016க்கும் இடைப்பட்ட காலத்தில் மேல்நிலை மதிப்பெண்ணே சேர்க்கையைத் தீர்மானித்தது. அரசுக் கல்லூரிகளில் இடம்பெற்றோர் 200க்கு மிக நெருங்கிய சிறு இடைவெளிக்குள் நின்றனர். அக்காலத் தரவை வைத்து ‘மேல்நிலை மதிப்பெண்ணுக்கும் மருத்துவத் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை’ என்று முடிவுகட்டியிருந்தால் அதுவும் இதே பிழையாகும். 2017க்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. நீட் மதிப்பெண் குறுகிய வீச்சிலும், மேல்நிலை மதிப்பெண் விரிந்த வீச்சிலும் உள்ள மாணவர் கல்லூரிக்குள் வந்தனர். ஆகவே நீட் காலத் தரவை மட்டும் கொண்டு இரு அளவைகளையும் ஒப்பிட்டால் மேல்நிலை மதிப்பெண் இயல்பாகவே சிறந்து தோன்றும். முந்தைய காலத் தரவை மட்டும் கொண்டால் அதுவே தாழ்ந்து தோன்றும். எந்த அளவை வாயிற்காப்பாளனாக நிற்கிறதோ அது உள்ளே வலுவிழந்து காணப்படும் என்பதே விதி.

1984 முதல் 2006 வரையிலான கூட்டு மதிப்பெண் முறையில் மற்றொரு சிக்கல் உண்டு. கூட்டுத்தொகையே வாயில் என்பதால், வெட்டுப்புள்ளியை ஒட்டி நிற்போருள் பள்ளி மதிப்பெண் கூடியவர் நுழைவுத்தேர்வில் குறைந்தவராகவும், நுழைவுத்தேர்வில் கூடியவர் பள்ளி மதிப்பெண் குறைந்தவராகவும் இருப்பர். பொதுத்திரளில் ஒருங்கே செல்லும் இரு அளவைகள், சேர்ந்தோர் திரளில் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்வதாகத் தோன்றும். இத்தோற்றத்தை உண்மையெனக் கொள்வதும் பிழையே.

ஏ.கே. ராஜன் குழு அறிக்கை: வலிமையும் இடைவெளியும்

நீட் தேர்வின் விளைவுகளை ஆராய 2021 ஜூனில் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு, அடுத்த மாதமே அறிக்கை அளித்தது. யார் சேர்கிறார்கள் என்ற வினாவிற்கு அவ்வறிக்கை தரும் விடை உறுதியானது. தமிழ்வழி மாணவர், ஊரக மாணவர் ஆகியோரின் பங்கு குறைந்ததை அது ஆவணப்படுத்தியது. நீட்டுக்கு முந்தைய ஆண்டில் சேர்ந்தோருள் ஏறத்தாழ எட்டில் ஒருவராக இருந்த மறுமுயற்சி மாணவர், 2020-21இல் பத்தில் எழுவராயினர் என்பது அறிக்கையின் முதன்மையான செய்திகளுள் ஒன்று.

இச்செய்தி முன்னறி ஏற்புடைமையோடு நேரடித் தொடர்புடையது. முதல் முயற்சியில் 500 மதிப்பெண் பெற்றவரும், இரண்டு ஆண்டுகள் பயிற்சி மையத்தில் தங்கி மூன்றாம் முயற்சியில் 500 பெற்றவரும் தரவரிசையில் ஒருவரே. ஆனால் அவ்வெண்ணின் பின்னுள்ள வரலாறு ஒன்றன்று. இரண்டாமவரின் எண்ணில் பயிற்சிக் கட்டணமும் காத்திருக்க முடிந்த குடும்பத்தின் பொருள்வளமும் கலந்துள்ளன. இதிலிருந்து, மறுமுயற்சியாளர் கல்லூரியில் பின்தங்குவர் என்று ஊகித்தல் முறையன்று. பயிற்சியில் கற்ற இயற்பியலும் இயற்பியலே. ஒரே மதிப்பெண் இரு குழுவினர்க்கும் ஒரே அளவு வெற்றியை முன்னறிவிக்கிறதா என்பதுதான் வினா. அதற்கு இரு குழுவினரையும் தனித்தனியே பின்தொடர்ந்து நோக்க வேண்டும்.

அறிக்கையின் மற்றொரு முடிவு, நீட் மாணவரின் தரத்தை உறுதிசெய்வதாகத் தெரியவில்லை என்பது. சேர்க்கையின் சமூக விளைவு பற்றிய முடிவு பெற்றுள்ள உறுதியை இம்முடிவு பெறுவது கடினம். நீட்டுக்கு முன்னும் பின்னும் சேர்ந்தோரை ஒப்பிடும் எந்த ஆய்வும் இரு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, மேலே கண்ட வீச்சுக் குறுக்கம். மற்றொன்று, அளவுகோலே மாறியமை: இளநிலை மருத்துவப் படிப்புக்கு 2019 முதல் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் சேர்ந்தவர் எழுதிய பல்கலைக்கழகத் தேர்வும் 2019இல் சேர்ந்தவர் எழுதிய தேர்வும் ஒன்றல்ல. இரு வேறு தராசுகளில் நிறுத்த எடைகளை ஒப்பிட்டு எது கனம் என்று கூற இயலாது.

இதே அளவு கண்டிப்பை மறுதரப்பின்மீதும் செலுத்துதல் நேர்மை. நீட் தரத்தை உயர்த்தியது என்ற கூற்றும் சான்று வேண்டி நிற்பதே. 2023இல் முதுநிலை நீட் தேர்வின் தகுதி விழுக்காட்டு நிலை எல்லாப் பிரிவினர்க்கும் சுழியமாகக் குறைக்கப்பட்டது. தகுதியின் குறைந்தபட்ச எல்லையைக் காப்பதே தேர்வின் நோக்கம் என்போர்க்கு இதனை விளக்கும் கடமை உண்டு. தனியார் கல்லூரிகளின் உயர்கட்டண இடங்களில் தரவரிசையில் மிகத் தாழ்ந்தோரும் சேர்கின்றனர். அவர்களது குறைந்த மதிப்பெண் தரக்குறைவாகப் பேசப்படுவதில்லை. ஒதுக்கீட்டில் வரும் மாணவரின் மதிப்பெண் மட்டும் அவ்வாறு பேசப்படுகிறது. முன்னறிதிறன் உண்மையெனில் அது இருவர்க்கும் பொதுவாதல் வேண்டும்.

பள்ளி மதிப்பெண்ணும் தப்பாத விதி

நுழைவுத்தேர்வுக்கு மாற்றாகப் பள்ளி மதிப்பெண்ணை முன்வைப்போர் அதன் வரலாற்றையும் கருத வேண்டும். சேர்க்கை முழுவதும் மேல்நிலை இரண்டாமாண்டு மதிப்பெண்ணைச் சார்ந்திருந்த காலத்தில், நாமக்கல் வட்டாரப் பள்ளிகள் சில பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே பயிற்றுவித்தன. அவற்றுக்குப் ‘பிராய்லர் பள்ளிகள்’ என்ற பெயரே வழங்கலாயிற்று. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இப்போக்கும் ஒரு காரணம். எந்த அளவை உயர்பரிசுக்குரிய வாயிலாகிறதோ, அந்த அளவையை நோக்கியே பயிற்சி திரளும். திரளத் திரள அது எதை அளக்க அமைந்ததோ அதை அளப்பது குறையும். சமூக அறிவியலார் டொனால்ட் கேம்பல் இதனை ஒரு விதியாகவே கூறினார். நீட் பயிற்சி மையமும் பிராய்லர் பள்ளியும் ஒரே விதியின் இரு விளைச்சல்கள்.

எது வெற்றி?

முன்னறி ஏற்புடைமை ஆய்வுகள் பெரும்பாலும் முதலாண்டு மதிப்பெண்ணையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்கின்றன; அது விரைவில் கிடைப்பதே காரணம். எழுத்துத்தேர்வு மற்றோர் எழுத்துத்தேர்வை முன்னறிவிப்பதில் வியப்பில்லை. மருத்துவரின் வெற்றி, நோயாளியின் பேச்சை அவர்தம் மொழியில் கேட்டறிதல், நோயைப் பிரித்துணர்தல், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நிலைத்துப் பணியாற்றுதல் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. தமிழகத்தின் பொது மருத்துவக் கட்டமைப்பு இத்தகைய மருத்துவர்களையே நம்பியுள்ளது. எதனை அளவுகோலாகக் கொள்வது என்பது புள்ளியியல் விடைதரும் வினா அன்று. சமூகம் தீர்மானிக்க வேண்டிய விழுமியம். அதனைத் தீர்மானிக்காமலே ‘தகுதி’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது, விடையைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டுக் கணக்கைப் போடுவதாகும்.

7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு தரும் வாய்ப்பு

சேர்க்கை மறுக்கப்பட்டவர் கல்லூரியில் எவ்வாறு படித்திருப்பார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது. தகுதியற்றவரைச் சேர்த்த பிழை தோல்விப் பட்டியலில் வெளிப்படும். தகுதியுள்ளவரை மறுத்த பிழை எங்கும் வெளிப்படாது. தேர்வு முறைகள் பெற்றுள்ள நற்பெயரில் ஒரு பகுதி, இரண்டாம் வகைப் பிழை கண்ணுக்குப் புலப்படாமையால் கிடைத்தது.

இம்மறைவை ஓரளவு விலக்கும் வாய்ப்பு தமிழகத்தில் உள்ளது. ஓய்வுபெற்ற நீதியரசர் பொ. கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, 2020 அக்டோபர் முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் இவ்வழியில் நிரம்பின. பொதுத் தரவரிசையில் இடம் பெற்றிருக்க முடியாத மதிப்பெண்ணுடையோர், அதே வகுப்பறையில், அதே ஆசிரியரிடம் பயின்று, அதே தேர்வை எழுதுகின்றனர். அவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்பதால், கட்டணம் கட்ட இயலாமை என்ற குறுக்கீடும் பெரிதும் நீங்குகிறது. வீச்சு கீழ்நோக்கி விரிவதால், மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சிக்கும் உள்ள உண்மைத் தொடர்பு தெளிவாகப் புலப்படும். தனியார் கல்லூரிகளின் உயர்கட்டண இடங்களில் சேர்ந்த, ஒத்த மதிப்பெண்ணுடையோரோடு அவர்களை ஒப்பிட்டால் வசதியின் பங்கையும் பிரித்தறியலாம்.

இவ்வாய்வின் முடிவு இருவகையாகவும் அமையலாம். ஒதுக்கீட்டு மாணவர் முதலாண்டில் பின்தங்கி இறுதியாண்டில் சமன் பெற்றால், நுழைவுத்தேர்வு முன்பயிற்சியை அளந்ததேயன்றித் திறனை அன்று எனலாம். இறுதிவரை பின்தங்கினால், கல்லூரி தரும் துணைக்கல்வி போதாது என்றோ, தேர்வு மெய்யான ஏதோ ஒன்றை அளக்கிறது என்றோ கொள்ள வேண்டும். ஒரு தரப்புக்கு உவப்பான முடிவே வரும் என்று முன்கூட்டியே உறுதி கூற இயலாத ஆய்வே செய்யத்தக்க ஆய்வு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. நுழைவுத்தேர்வின் முன்னறிதிறன் நிலையான இயல்பு அன்று. காலம், நிறுவனம், மாணவர் திரள் ஆகியவற்றைச் சார்ந்து மாறுவது. கலிபோர்னியச் சான்று இதனை மெய்ப்பிக்கிறது.

2. ஒரு தேர்வைத் தக்கவைப்பதா நீக்குவதா என்பதை, அது தனித்து முன்னறிவிக்கும் அளவைக் கொண்டன்றி, பிற சான்றுகளோடு புதிதாகச் சேர்க்கும் அளவைக் கொண்டு தீர்மானித்தல் வேண்டும்.

3. சேர்ந்தோரை மட்டும் ஆராய்ந்து ‘நீட்டுக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை’ என்பதும், ‘மேல்நிலை மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை’ என்பதும் வீச்சுக் குறுக்கத்தால் விளையும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

4. ஏ.கே. ராஜன் குழு அறிக்கை சேர்க்கையின் சமூக விளைவுகளை வலுவாக நிறுவுகிறது. தரம் பற்றிய முடிவு வேறு வகை ஆய்வை வேண்டி நிற்கிறது. அம்முடிவு உறுதிப்படாமையால் சமூக விளைவுகள் பற்றிய வாதம் வலுக்குன்றாது. இரண்டையும் தனித்தனியே நிறுத்துவதே வாதத்துக்கு நன்று.

5. 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தோரின் கல்விப் பயணத்தை, அடையாளம் நீக்கிய தரவாக, முதலாண்டு முதல் பணிக்காலம் வரை பின்தொடர்ந்து வெளியிடுதல் அரசும் மருத்துவப் பல்கலைக்கழகமும் செய்யத்தக்கது.

மதிப்பெண் ஒரு சான்று, தீர்ப்பு அன்று. ஆண்டுதோறும் பல்லாயிரம் குடும்பங்களின் எதிர்காலம் அச்சான்றால் முடிவாகும்போது, அது எவ்வளவு நம்பத்தக்கது என்று கேட்பதும், அக்கேள்விக்கு முறையான விடை தேடுவதும் ஆய்வுலகின் கடமையாகும்.